வெய்யில் வரும் ஊருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்

மார்ச் 4
மகள் போனில் சொல்லிவிட்டாள்: "அப்பா, எட்டாம் திகதிக்கு முன்னம் வந்திடுங்கோ. அண்டைக்குத்தான் ஊருக்குள்ள வெய்யில் வரும்." லோங்யேர்பியனில் உள்ள பல்கலைக்கழக மையத்தில் பனியாறுகளைப் பற்றிப் படிக்கிறாள். நான் ட்ரொம்சோவில். இதுவே நோர்வேயின் வடக்கு. அவளோ இன்னும் வடக்கே, கடல் தாண்டி, ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில். நேர்கோட்டில் ஏறத்தாழ 960 கிலோமீட்டர். ஒஸ்லோ 1,100க்கும் மேல். தலைநகரைவிடப் பிள்ளை எனக்குக் கிட்ட இருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் கணக்குப் பார்த்தேன். மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

மார்ச் 5
டிக்கெட் எடுத்தாயிற்று. ஒரு மணி நாற்பது நிமிடப் பறப்பு.

பின்னேரம் துறைமுகப் பக்கம் நடந்தேன். அமுண்ட்சென் சிலையடியில் கொஞ்ச நேரம் நின்றேன். 1911இல் தென்துருவத்தை முதலில் மிதித்த மனிதர். 1928 ஜூன் 18இல் இந்த ஊரிலிருந்துதான் கடல்விமானத்தில் வடக்கே கிளம்பினார். பனிக்கட்டியில் விழுந்த 'இத்தாலியா' வான்கப்பலின் ஆட்களைத் தேடப் போனவர். கூடப் போனவர்களோடு மொத்தம் ஆறு பேர். ஓகஸ்ட் கடைசியில் விமானத்தின் மிதவை ஒன்று இந்தக் கரையோரக் கடலில் கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவேயில்லை. நாளைக்கு நான் போகப்போவதும் அதே கடலுக்கு மேலால்தான்.

மார்ச் 6
ஸ்வால்பார்ட் நோர்வேக்குச் சொந்தம், ஆனால் கடவுச்சீட்டுச் சோதனையில்லாமல் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்கு வெளியே. அதனால் உள்நாட்டுப் பயணத்துக்கும் இங்கே கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். முப்பத்தைந்து வருடம் இந்த நாட்டில் இருந்தும் அந்த வரிசையில் நிற்கும்போது நெஞ்சு ஒருக்கால் இடிக்கத்தான் செய்கிறது.

பாதி வழியைச் சற்றுத் தாண்டியதும் கீழே பியோர்னோயா தீவு. வானிலை நிலையத்தில் வேலை செய்யும் ஒரு சிலரைத் தவிர அங்கே குடியில்லை. இன்றைக்கு முகில்தான் தெரிந்தது. லோங்யேர்பியனுக்கு மேலே இரண்டு தரம் வட்டமடித்தோம். பனிமூட்டம் விலகவில்லை. விமானி திரும்புவதாக அறிவித்தார். அக்கம்பக்கத்தில் இறங்க வேறு பெரிய நிலையம் இல்லாதபடியால், திரும்பி வரவும் காணுமளவுக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் போவார்களாம். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் பறந்து, ஏறிய இடத்திலேயே இறங்கினோம். பக்கத்து சீட்டில் இருந்த தாதி மருத்துவமனைக்குப் போன் எடுத்து, நாளைக்கு வருகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். என்னால் மகளோடு அப்படிச் சாதாரணமாகக் கதைக்க முடியவில்லை.

மார்ச் 7
இறங்கிவிட்டோம். ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்.

ஓடுபாதை உறைநிலத்தின் மேல் போட்டது. கோடையில் மண் இளகினால் அதுவும் மேடுபள்ளமாகும் என்று மகள் விளக்கினாள். இந்த விமான நிலையம் 1975இல்தான் திறந்தது. அதற்கு முந்திய குளிர்காலங்களில் கடல் உறைந்தால் கப்பல் நின்றுவிடும். சுரங்கத் தொழிலாளர்கள் கோடை வரும்வரை அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களுடைய தகப்பன்மாரை நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 8
ஒக்டோபர் தொடக்கத்துக்குப் பிறகு ஊருக்குள் சூரியன் இல்லை. பெப்ரவரி நடுவிலேயே அடிவானத்துக்கு மேலே வந்துவிட்டதாம், மலைகள்தான் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. பழைய ஆஸ்பத்திரி இப்போது இல்லை, படிக்கட்டு மட்டும் இருக்கிறது. அதன் படிக்கட்டில் வெய்யில் பட்டால்தான் வந்ததாகக் கணக்கு. ஊரே அங்கே கூடி நின்றது. முகத்தில் மஞ்சள் பூசிய பிள்ளைகள் சூரியனைக் கூவிக் கூப்பிட்டார்கள். மலை விளிம்பில் கோடாகத் தொடங்கிய வெளிச்சம் படிகளில் இறங்கியது. மகள் கையுறையைக் கழற்றிப் படியைத் தொட்டுப் பார்த்தாள்.

நாளைக்கு மத்தியானம் எனக்குத் திரும்பும் விமானம். பனிமூட்டம் வந்தால் வரட்டும்.