போக்கிமான் சில்வர்: ஜோட்டோவுக்கு மீண்டும் ஒரு பயணம்

கற்பனை உயிர்களைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் போக்கிமான் வீடியோ கேம் வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று யார் கேட்டாலும், பள்ளி நாள்களிலிருந்து இன்றுவரை ‘சில்வர்’ என்றுதான் சொல்லி வருகிறேன். ஜப்பானில் 1999 நவம்பரிலும் அமெரிக்காவில் 2000 அக்டோபரிலும் ‘கோல்டு’, ‘சில்வர்’ என்று இரட்டையாக வெளிவந்த ஆட்டம் அது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது கேம் பாய் கலரோடு சேர்த்து அதை எனக்கு வாங்கி வந்தார். அண்மையில் அதை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாக ஆடி முடித்தேன். சிறுவயதில் கண்ணில் படாத குறைகள் இப்போது வரிசையாகத் தென்பட்டன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, எதற்காக அந்த ஆட்டத்தை நேசித்தேனோ அந்தக் குணங்களிலிருந்தே பிறந்தவை என்பதும் கூடவே புரிந்தது.

முதலில் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்ட்ரிட்ஜுக்குள் உண்மையான ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். நாம் வாழும் உலகில் இரவானால், ஆட்டம் நடக்கும் கற்பனை நாடான ஜோட்டோவிலும் இரவாகும். பகலில் பிட்ஜி என்ற போக்கிமான் பறந்த புல்வெளியில் இரவில் ஹூட்ஹூட் வரும். ‘சில்வர்’ ஆட்டத்தில் காலையில் லெடிபாவும், ‘கோல்டு’ ஆட்டத்தில் இரவில் ஸ்பினராக்கும் கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் யூனியன் குகையின் அடித்தளத்தில் லாப்ரஸ் நீந்திக்கொண்டிருக்கும். செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் தேசியப் பூங்காவில் பூச்சி பிடிக்கும் போட்டி நடக்கும். திங்கள் இரவில் மூன் மலையில் கிளெஃபேரிகள் கூடி ஆடும். அவை கலைந்து போனபின் அங்குள்ள பாறையை உடைத்தால் நிலாக்கல் கிடைக்கும். ஈவியை நம்மேல் பாசம் கொள்ளும்படி வளர்த்து, பகலில் லெவல் ஏற்றினால் எஸ்பியானாகவும் இரவில் ஏற்றினால் அம்பிரியானாகவும் மாறும். இவையெல்லாம் இன்று பழகிப்போன உத்திகள். கையடக்கக் கருவியின் ஆட்டத்தில் அன்று அவற்றைக் கண்ட சிறுவனுக்கோ, ஆட்டத்தை அணைத்துவிட்டுப் படுத்த பிறகும் அந்த உலகம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் வந்தது. மீண்டும் ஆடியபோதும் அந்த உணர்வு குறையவில்லை.

இந்தக் கடிகாரத்தை நம்பி உருவாக்கப்பட்டவற்றுள் மிக அழகானது, அசேலியா ஊரில் வாழும் கர்ட் என்ற முதியவரின் தொழில். ஜோட்டோவெங்கும் ஆங்காங்கே ஏழு நிறங்களில் ஆப்ரிகார்ன் என்ற காய்கள் காய்க்கும் மரங்கள் உண்டு. மரத்துக்கு நாளைக்கு ஒரு காய். அதைப் பறித்துக் கர்ட்டிடம் கொடுத்தால், ஒரு நாள் கழித்து அந்த நிறத்துக்குரிய தனிப்பந்தைச் செய்து தருவார். வெள்ளைக் காய்க்கு, ஓடிப்போகும் பழக்கமுள்ள போக்கிமான்களைப் பிடிக்கும் ஃபாஸ்ட் பால். மஞ்சள் காய்க்கு, நிலாக்கல்லால் உருமாறுபவற்றைப் பிடிக்கும் மூன் பால். இளஞ்சிவப்புக் காய்க்கு, நம் போக்கிமானின் இனத்தையே சேர்ந்த எதிர்ப்பாலினத்தைப் பிடிக்கும் லவ் பால். எரிந்த கோபுரத்திலிருந்து கிளம்பி ஜோட்டோ முழுவதும் ஓடித்திரியும் ராய்கூவையும் என்டேயையும் பிடிப்பதற்கென்றே, கர்ட்டின் வீட்டருகே உள்ள மரத்தின் வெள்ளைக் காய்களைச் சேர்த்து ஃபாஸ்ட் பால்களாக மாற்றி வைப்பேன்.

அந்தப் பந்துகளில் மூன்று, சொன்ன வேலையைச் செய்யவே இல்லை. ஆட்டத்தின் நிரலைப் பிரித்துப் படித்தவர்கள் பின்னாளில் இதை வெளிக்கொண்டு வந்தார்கள். ஓடிப்போகும் போக்கிமான்களின் நீண்ட பட்டியல் ஆட்டத்துக்குள் இருக்கிறது. ஆனால் ஃபாஸ்ட் பாலின் பலன் மேக்னமைட், கிரைமர், டாங்கெலா ஆகிய மூன்றுக்கு மட்டுமே போய்ச் சேர்கிறது. ராய்கூவுக்கு அது சாதாரணப் பந்துதான். மூன் பால், நிலாக்கல்லைத் தேடுவதற்குப் பதிலாகத் தீக்காய மருந்தைத் தேடுகிறது. முந்தைய ஆட்டத்தில் நிலாக்கல்லுக்கு இருந்த எண், இந்த ஆட்டத்தில் அந்த மருந்துக்கு உரியதாகிவிட்டது. அந்த மருந்தால் உருமாறும் போக்கிமான் எதுவும் இல்லை என்பதால் பந்தின் பலன் யாருக்குமே கிடைப்பதில்லை. லவ் பாலோ எதிர்ப்பாலினத்தை விட்டு ஒரே பாலினத்தின் மேல் நன்றாக வேலை செய்கிறது. ஒரு காய்க்காக ஒரு நாள் காத்திருந்து, பந்துக்காக இன்னொரு நாள் காத்திருந்த குழந்தைகளிடம் இவ்வளவு கவனமின்மையைக் காட்டியிருக்கக் கூடாது என்பதே என் எண்ணம். கிடைக்க இத்தனை நேரம் பிடிக்கும் ஒரு பொருளைத்தான் முதலில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

என்னை இன்னும் வருத்துகிற குறை வேறொன்று. இந்த ஆட்டம் புதிதாக 100 போக்கிமான்களைக் கொண்டுவந்து மொத்தத்தை 251 ஆக்கியது. இருள், எஃகு என இரண்டு வகைகளையும் சேர்த்தது. அப்படியிருந்தும் ஜோட்டோவில் நடக்கும்போது பெரும்பாலும் பழைய முகங்களையே பார்க்கிறோம். ஹவுண்டர், மர்க்ரோ, ஸ்லக்மா ஆகியவை ஜோட்டோவின் காடுகளில் இல்லை. சாம்பியனை வென்று, முந்தைய ஆட்டம் நடந்த கான்டோ நாட்டுக்குப் போனபிறகுதான் அவற்றைப் பிடிக்க முடியும். மிஸ்ட்ரீவஸும் ஸ்நீசலும் லார்விடாரும் அதற்கும் அப்பால், ஜிம் என்ற களங்களின் தலைவர்களை வென்று 16 பேட்ஜ்களையும் பெற்றபின் திறக்கும் சில்வர் மலைப் பக்கத்தில் இருக்கின்றன. லார்விடார் 55ஆம் லெவலில்தான் டைரனிடாராக முழு வளர்ச்சி அடையும். அந்த நேரத்தில் ஆட்டத்தில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு பெரிய சண்டை. புதிதாக அறிமுகமான இருள் வகையைத் சாம்பியனுடனான மோதலுக்கு முன் நம் அணியில் சேர்த்துக்கொள்ள அம்பிரியானைத் தவிர வேறு வழியே இல்லை.

ஜிம் தலைவர்களும் பழைய முகங்களையே இறக்குகிறார்கள். பறவை வகைக்காரர் ஃபால்க்னர், ஹூட்ஹூட் இருக்கும்போது பிட்ஜியையும் பிட்ஜியாட்டோவையும் இறக்குகிறார். ஆவி வகைக்காரர் மார்ட்டியிடம் காஸ்ட்லி குடும்பம் மட்டுமே உண்டு. மிஸ்ட்ரீவஸ் என்ற புதிய ஆவி இருப்பதே அவருக்குத் தெரியாததுபோல இருக்கிறது. சக்கின் அணியில் பிரைமேப்பும் பாலிராத்தும். கோல்டன்ராடின் விட்னியை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எல்லாரும் பேசுவதற்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. அவருடைய 20ஆம் லெவல் மில்டாங்க் அதுவரை யாரும் பார்த்திராத உயிர்; ஒவ்வொரு சுற்றிலும் வலு இரட்டிப்பாகும் ரோல் அவுட்டோடு உருண்டு வந்து அணியையே நசுக்கியது. புதிய உயிர் ஒன்றைச் சரியான இடத்தில் வைத்தால் ஒரு தலைமுறை மறக்காது என்பதை இதே ஆட்டம் காட்டியிருக்கிறது. சாம்பியனுக்கு முன் நாம் மோதும் நால்வரான எலீட் ஃபோரில் ஒருவரான கேரன் ஹவுண்டூமை இறக்கும்போது, இவ்வளவு கம்பீரமான ஒன்றை நம் கண்ணில் காட்டாமலே வைத்திருந்தார்களே என்ற ஏக்கம் எனக்கு இம்முறையும் வந்தது.

லெவல் கணக்கைப் பற்றிப் புகார் சொல்லாத ஆட்டக்காரர் இல்லை. எக்ரூடீக் என்ற ஊரை அடைந்தபின் ஆட்டம் நம்மைக் கட்டிப்போடுவதில்லை. மேற்கே கடல் தாண்டிப் போய் சக்கையும் ஜாஸ்மினையும் சந்திக்கலாம், கிழக்கே மகாகனிப் பக்கமும் முதலில் போகலாம். எந்தத் திசையில் போனாலும் ஆட்டக்காரர் நொறுங்கிவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டார்கள். அதனால் ஜாஸ்மினின் ஸ்டீலிக்ஸ் 35ஆம் லெவலில் இருக்க, ஏழாம் ஜிம் தலைவர் பிரைஸின் பைலோஸ்வைன் 31இல் நிற்கிறது. அடுத்தவரான கிளேரின் கிங்ட்ரா திடீரென 40. வழியில் புல்லில் வருபவையோ இருபதுகளிலேயே தங்கியிருக்கின்றன. சாம்பியன் லான்ஸின் டிராகனைட் 50. ஒரு புதிய போக்கிமானைப் பிடித்து அணியில் சேர்த்து வளர்க்கலாம் என்றால், அதற்கேற்ற எதிரிகள் எங்கும் இல்லை. போக்கிகியர் தொலைபேசியில் பழைய எதிரிகள் யாராவது அழைத்து மறுபடி மோத வரச்சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை என்று இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அந்தச் சுதந்திரத்தைப் பின்னால் வந்த பல போக்கிமான் ஆட்டங்கள் கொடுக்கவே இல்லை என்பதால் மனமாரவே ஏற்றுக்கொள்கிறேன்.

கான்டோவைப் பற்றி நடுநிலையோடு எழுத என்னால் முடியாது. எட்டு பேட்ஜ்கள் பெற்று, சாம்பியனை வென்று, பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்தபின், ஒலிவைன் துறைமுகத்தில் கப்பலேறினால் முந்தைய ஆட்டத்தின் நாடு முழுவதும், மூன்று ஆண்டுகள் மூத்ததாக, நமக்காகக் காத்திருக்கிறது. இதைவிடப் பெரிய பரிசை எந்த ஆட்டமும் எனக்குத் தந்ததில்லை. இன்று அதே கான்டோவில் நடந்தால் வெறுமை தெரிகிறது. சின்னஞ்சிறு கார்ட்ரிட்ஜில் இரண்டு நாடுகளை அடைக்க வேண்டியிருந்ததால் எதையெல்லாமோ வெட்டியிருக்கிறார்கள். விரிடியன் காடு வெறும் மரவரிசையாகச் சுருங்கிவிட்டது. மூன் மலையின் தளங்கள் ஒரு சிறு குகையாகிவிட்டன. சஃபாரி ஸோன் மூடிக் கிடக்கிறது. செருலியன் குகையே இல்லை. முதல் வழித்தடத்தின் புல்லில் இன்னும் ஒற்றை இலக்க லெவலில் பிட்ஜிகள் வருகின்றன. ஐம்பதைத் தாண்டிய அணியோடு அங்கே நடப்பதில் பொருளே இல்லை.

ஆனாலும் வெட்டிய இடங்களில் சிலவற்றை அவர்கள் கதையாக மாற்றிய விதத்தை வியக்கிறேன். சின்னபார் தீவு எரிமலையில் அழிந்துவிட்டது. அதன் ஜிம் தலைவர் பிளேன், சீஃபோம் தீவின் பாறைக் குடைவில் தனியாக ஜிம் நடத்துகிறார். லாவெண்டரின் கல்லறைக் கோபுரம் வானொலி நிலையமாகிவிட்டது. அங்கே உறங்கிய போக்கிமான்களின் நினைவிடம் பக்கத்தில் ஒரு சிறு வீட்டுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. கோகா எலீட் ஃபோருக்கு உயர்ந்துவிட, ஃபுஷியா ஜிம்மை அவர் மகள் ஜனைன் நடத்துகிறாள். முந்தைய ஆட்டத்தில் நம்மைச் சீண்டிக்கொண்டே இருந்த புளூ, சின்னபாரின் மிச்சத்தில் நின்றபடி, ஓர் ஊரே இப்படி மறைந்துவிட்டதே என்று பேசுகிறான். இடப்பற்றாக்குறை அங்கே காலத்தின் ஓட்டமாக மாறிவிடுகிறது.

கடிகாரத்துக்கும் ஒரு விலை இருந்தது. கார்ட்ரிட்ஜுக்குள் பற்றவைக்கப்பட்டிருக்கும் சிஆர்2025 பேட்டரிதான் கடிகாரத்தையும் ஓட்டுகிறது, நம் சேமிப்பையும் காப்பாற்றுகிறது. இரவுபகலாக ஓடும் கடிகாரம் அதைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். பேட்டரி தீர்ந்த நாளில் அணி, பேட்ஜ்கள், பிடித்தவை எல்லாம் போய்விடும். என் பழைய சேமிப்பும் அப்படித்தான் போனது. இம்முறை தொடங்குவதற்கு முன் மொபைல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் புதிய பேட்டரி வைத்துக்கொண்டேன். திருகைக் கழற்றி, ஈயத்தை உருக்கிப் பழையதை எடுத்துப் புதியதை ஒட்டும் சில நிமிட வேலைதான் அது.

ஜப்பானில் 2009 செப்டம்பரில் டிஎஸ் கருவிக்காக வெளிவந்த ‘ஹார்ட்கோல்டு’, ‘சோல்சில்வர்’ மறுவடிவங்கள் இவற்றுள் பலவற்றைச் சரிசெய்தன. விரிடியன் காடும் செருலியன் குகையும் திரும்பி வந்தன. ஃபாஸ்ட் பாலுக்குப் புதிய விதி எழுதப்பட்டது. அணியின் முதல் போக்கிமான் நம் பின்னாலேயே நடந்து வந்தது. கடிகாரமும் கருவிக்கே உரியதாகிவிட்டது. ஆனால் லெவல் கணக்கு ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. லான்ஸின் டிராகனைட் அங்கும் 50தான். முதன்முறையாக ஜோட்டோவைப் பார்க்க விரும்புவோருக்கு அந்த மறுவடிவத்தையே பரிந்துரைப்பேன். சில்வர் மலையின் உச்சியில் நிற்கும், முந்தைய ஆட்டத்தின் நாயகனான ரெட்டின் 81ஆம் லெவல் பிகாச்சூவை மட்டும் பழைய கார்ட்ரிட்ஜிலேயே சந்தித்துப் பாருங்கள். அதற்கு முன் நாம் எதிர்கொண்ட மிகப் பெரிய லெவல் புளூவின் 58தான். இடையில் உள்ள பள்ளத்தை நிரப்ப ஆட்டம் எந்த வழியும் தருவதில்லை என்பதால், அந்தச் சண்டைக்கு வருகிற ஒவ்வோர் அணியும் அதை வளர்த்தவரின் பிடிவாதத்தால் மட்டுமே அங்கே வந்து சேர்ந்திருக்கும்.