விட்பியில் ஒரு பாம்புக் கல்

இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் தங்கியிருந்த நான்கு நாட்களில் ஒரு நாளைக் கடலுக்கென்று முன்பே ஒதுக்கி வைத்திருந்தேன். காலையில் 840ஆம் எண் மாடிப் பேருந்து, மேல்தளத்தில் முன்சீட்டு. பிக்கரிங் தாண்டியதும் வீடுகள் குறைந்து மேட்டுநிலம் தொடங்குகிறது. மரமே இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் ஹெதர் புதர்தான், ஆகஸ்ட் மாதம் என்பதால் எல்லாம் ஊதாப் பூ. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் தூங்கிவிடாதீர்கள். கடைசி இறக்கத்தில் கடல் தெரியும், குன்றின் மேல் கூரையில்லாமல் நிற்கும் பழைய கிறிஸ்தவ மடமும் தெரியும்.

அதுதான் விட்பி. எஸ்க் ஆறு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கடலில் கலக்கிறது. நடுவில் ஒரு பாலம், படகு வந்தால் இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் திரும்பி வழிவிடும். நான் போனபோது அப்படித் திறந்தது, இரு கரையிலும் எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தோம்.

கிழக்குக் கரையில் கிரேப் லேன் என்ற சந்தில், கடலோடி கேப்டன் ஜேம்ஸ் குக் இளைஞனாக வந்து கப்பல் தொழில் பழகியபோது தங்கிய வீடு இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். உலகம் சுற்றிய அவருடைய எண்டெவர் இந்த ஊரில் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டிய கப்பல். அடிப்பாகம் தட்டையாக இருக்கும், மணலில் ஏற்றி நிறுத்தினாலும் சாயாது. 1770இல் ஆஸ்திரேலியப் பவளப்பாறையில் மோதி ஓட்டையானபோது, ஓர் ஆற்றங்கரையில் ஏற்றி வைத்துப் பழுது பார்க்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் 199 படிகள். எண்ணிக்கொண்டே ஏறினேன், சரியாக வந்தது. நடுநடுவே பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சவப்பெட்டியை மேலே தேவாலயத்துக்குத் தூக்கிப் போகிறவர்கள் இறக்கி வைத்து மூச்சு வாங்கிய இடங்களாம். உச்சியில் செயின்ட் மேரி தேவாலயம். உள்ளே மரத்தடுப்பு வைத்த பெட்டி பெட்டியான இருக்கைகள், சிலவற்றில் 'அந்நியர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. கப்பலில் யார் யாரோ வந்து இறங்கும் துறைமுகத்தில், வெளியூர்க்காரனுக்கென்று இடம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஊரிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பக்கத்தில் மடத்தின் இடிபாடு. முதல் மடம் 657இல் எழுந்தது, தலைவி ஹில்டா. மடம் கட்ட இடம் பார்த்தபோது குன்று முழுக்கப் பாம்பாக இருந்ததாம், அந்த அம்மையார் எல்லாவற்றையும் கல்லாக்கிவிட்டாராம். கீழே கடற்கரையில் கிடக்கும் சுருள் கற்கள்தான் அந்தப் பாம்புகள். உண்மையில் அவை அம்மோனைட்டுகள், 18 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடலுயிரிகளின் புதைபடிவம். சுருளுக்குத் தலை இல்லையே என்று யாராவது கேட்டால் என்ன செய்வது? முன்பு வியாபாரிகள் தலையையும் செதுக்கி விற்றிருக்கிறார்கள், மேற்குக் கரையில் பானெட் பூங்கா அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். ஊர்ச் சின்னத்திலும் மூன்று பாம்புக் கற்கள் உண்டு.

கண்ணாடிக்குப் பின்னால் அவற்றைப் பார்த்ததும் பாட்டியின் பூஜை அலமாரி நினைவுக்கு வந்தது. நம் வீடுகளில் சாளக்கிராமம் என்று வைத்துக் கும்பிடுவதும் இதே அம்மோனைட்தான், நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைப்பது. இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே கடல் இருந்தது. இங்கே பாம்பு என்றார்கள், அங்கே விஷ்ணுவின் சக்கரம் என்றார்கள். அருங்காட்சியகத்தை விட்டு வர மனமே இல்லை.

மதியம் பொரித்த ஹேடாக் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும். ஒரு விஷயம்: யார்க்‌ஷயர் பக்கம் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், உருளைக்கிழங்கும் அதே கொழுப்பில்தான், வேண்டாம் என்பவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கடற்பறவைகள் கையிலிருந்தே பிடுங்கும், சுவரோரம் நின்று சாப்பிடுவது நல்லது.

பிறகு, கடல் வற்றியிருந்த நேரம் பார்த்துக் கிழக்குக் குன்றின் அடியில் இறங்கினேன். ஏற்றவற்ற நேரம் தெரியாமல் அங்கே போகக் கூடாது, தண்ணீர் குன்றின் அடிவரை ஏறிவிடும், மேலிருந்து பாறையும் சரியும். கல் எடுக்கக் குன்றின் சுவரைத் தட்ட வேண்டியதில்லை, கூழாங்கற்களுக்கு நடுவே தேடினாலே போதும். ஒரு மணி நேரம் குனிந்தே நடந்து, கட்டை விரல் நகமளவு உடைந்த சுருள் ஒன்று கிடைத்தது. சாம்பல் நிறம், கோடு லேசாகத்தான் தெரிந்தது.

பாட்டி தினமும் காலையில் சாளக்கிராமத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, "சக்கரம் தெரியுதா பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். இரவு யார்க் அறைக்குத் திரும்பியதும் அந்தத் துண்டைக் குழாயடியில் பிடித்தேன். ஈரம் பட்டதும் கல் கறுத்தது, வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.