எல்லைக்கு வெளியே நிற்கும் கடன்

மத்திய வங்கியின் தொழில்கள் என்று ஐந்தாறு வரிகளை மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிட முடியும். ஆனால் அந்த வரிகளுக்குப் பின்னால் சிலர் தம் வாழ்நாளையே செலவிட்டு யோசித்த கேள்விகள் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விட்டால், பொருளியல் உயிரற்ற பட்டியலாகவே மாணவர் மனத்தில் தங்கிவிடும். உயர்தர வகுப்புகளுக்குப் பொருளியல் கற்பிக்கும் எனக்கு இந்தக் கவலை நெடுநாளாக உண்டு. பிரித்தானியப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட்டின் தொழில்வாழ்வைப் பற்றி எழுத முனைந்ததற்கு அது ஒரு காரணம். மற்றக் காரணம் என் ஊரோடு தொடர்புடையது. கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் கிராமத்துச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் பொருளாளராக அதன் கணக்குகளைப் பார்த்துவருகிறேன். ஈடு கேட்காமல் சிறு தொகையாகக் கொடுக்கப்படும் நுண்கடன் எங்கள் பெண்களைப் படுத்திய பாட்டை விளங்கிக்கொள்ள, குட்ஹார்ட்டின் எழுத்துகள் உதவிய அளவுக்கு வேறெதுவும் எனக்கு உதவவில்லை.

குட்ஹார்ட் 1936இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பொருளியல் பயின்று, 1963இல் ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் பல்கலைக்கழகங்களில் கற்பித்தபின், 1968இல் இங்கிலாந்து வங்கியில் நாணய விவகார ஆலோசகராகச் சேர்ந்தார். 1985 வரை அங்கிருந்தார். பிறகு லண்டன் பொருளியல் பள்ளியில் வங்கியியல், நிதித்துறைப் பேராசிரியராகி, 1987இல் மேர்வின் கிங்குடன் இணைந்து நிதிச் சந்தைகள் பற்றிய ஆய்வுக் குழுவொன்றை நிறுவினார். 1997இல் இங்கிலாந்து வங்கிக்கு வட்டி வீதத்தைத் தானே தீர்மானிக்கும் அதிகாரம் கிடைத்தபோது, புதிதாக அமைந்த நாணயக் கொள்கைக் குழுவில் வெளி உறுப்பினராக 2000 வரை வாக்களித்தார். 1983இல் ஹொங்கொங் டொலர் சரிந்துகொண்டிருந்த வேளையில் அங்கு அனுப்பப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். ஒரு அமெரிக்க டொலருக்கு 7.80 ஹொங்கொங் டொலர் என்று அப்போது கட்டப்பட்ட இணைப்பு இன்றும் அவிழவில்லை. வகுப்பறையில் எழுதியதை வங்கிக்குள் சோதித்துப் பார்க்கவும், வங்கிக்குள் கண்டதை வகுப்பறையில் வைத்து மறுபடி யோசிக்கவும் இவ்வளவு வாய்ப்புப் பெற்றவர்கள் குறைவு. இத்தகைய மனிதர்கள் நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்லர். 1950இல் இயங்கத் தொடங்கிய நமது மத்திய வங்கிக்கு வரைவு எழுதி, அதன் முதல் ஆளுநராகவும் இருந்த ஜோன் எக்ஸ்டர், அமெரிக்க பெடரல் ரிசேர்விலிருந்து வந்த பொருளியலாளரே.

குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி 1975இல், அவுஸ்திரேலிய ரிசேர்வ் வங்கி நடத்திய மாநாட்டுக்கு அவர் எழுதிய கட்டுரையில் பிறந்தது. பண நிரம்பலுக்கும் (நாட்டில் புழங்கும் மொத்தப் பணத்துக்கும்) வருமானத்துக்கும் வட்டிக்கும் இடையில் 1960களில் நிலையான தொடர்பொன்று இருப்பதாகப் புள்ளிவிவரங்கள் காட்டின. அந்தத் தொடர்பை நம்பி, வட்டி வீதத்தைக் கொண்டு பண நிரம்பலைக் கட்டுப்படுத்தலாம் என்று 1971இல் பிரித்தானியா தன் கடன் கட்டுப்பாட்டு முறையை மாற்றியது. மாற்றியதும் தொடர்பு குலைந்தது. பண நிரம்பல் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாகப் பெருகியது. கவனித்து அறிந்த எந்தப் புள்ளிவிவர ஒழுங்கும், கட்டுப்படுத்துவதற்கான பிடியாக அதைப் பயன்படுத்தத் தொடங்கியதும் உடைந்துபோக முற்படும் என்பது அவர் கண்ட முடிவு. அதன்பின் நடந்ததும் அதையே உறுதிப்படுத்தியது. 1973இன் இறுதியில், வட்டி செலுத்தும் வைப்புகளை அளவுக்கு மேல் வளர்க்கும் வங்கிகள் மத்திய வங்கியில் வட்டியில்லாத பணம் வைக்கவேண்டும் என்ற தண்டனை முறை வந்தது. வங்கிகள் தம் ஐந்தொகையில் தோன்றாத உண்டியல்கள் (குறித்த நாளில் பணம் தருவதாக எழுதும் கடன் பத்திரங்கள்) வழியாகக் கடனைத் தொடர்ந்து நகர்த்தின. 1980இல் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும், மறைந்திருந்த கடன் திரும்பி வந்து பண நிரம்பலின் கணக்கைத் திடீரென ஊதிப்பெருக்கியது. அளவுகோலில் மட்டும் சில ஆண்டுகள் ஒழுங்கு தெரிந்ததே தவிர, கடன் அடங்கியிருக்கவில்லை.

இதை வாசித்த கணமே எனக்கு நினைவில் வந்தது, கொடுத்த கடனில் எவ்வளவு உரிய நேரத்தில் திரும்பி வந்தது என்று காட்டும் கடன் அறவீட்டு வீதம்.

2009க்குப் பின்னர் வன்னிக்குத் திரும்பிய குடும்பங்கள் வீடு, மாடு, கிணறு, தண்ணீர் இறைக்கும் மோட்டார் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்கள் அவற்றுள் ஏராளம். குடியேற்றத் திட்டக் காணிகளுக்கு அனுமதிப்பத்திரம் இருந்ததே தவிர, வங்கி ஈடாக ஏற்கும் உறுதி பலரிடம் இல்லை. அடைவு வைக்க நகையும் பெரும்பாலும் எஞ்சியிருக்கவில்லை. இந்த வெற்றிடத்துக்குள்தான் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றார்கள். கிழமைக்கொரு முறை கட்டுப்பணம் அறவிடப்பட்டது. ஏறக்குறைய முழுமையான அறவீடு என்பது அந்த முறையின் பெருமையாகப் பேசப்பட்டது. தொடக்கத்தில் அந்த எண் உண்மையான ஒன்றைத்தான் அளந்தது: சிறு தொழிலில் கிடைத்த வருமானத்திலிருந்து பெண்கள் கடனைத் திருப்பிச் செலுத்தினார்கள். நாளடைவில் அதே எண்ணை வைத்துத்தான் கிளைக்கு மேலும் பணம் வந்தது. உத்தியோகத்தரின் வேலையும் கொடுப்பனவும் தீர்மானிக்கப்பட்டன. ஊரில் 'லோன்காரர்' என்று அழைக்கப்படும் அந்த இளைஞர்கள் கட்டுப்பணம் கைக்கு வரும்வரை வாசலை விட்டு நகராததற்குக் காரணம் அவர்களுடைய குணக்கேடு அல்ல. எண்ணைக் காப்பாற்றுவதே அவர்களுடைய பிழைப்பாகிவிட்டது. முதல் நிறுவனத்தின் கட்டுப்பணத்துக்கு இரண்டாவது நிறுவனத்தில் கடன் எடுத்து, இரண்டாவதற்கு மூன்றாவதை நாடிய பெண்கள் எங்கள் சங்கத்திலும் உறுப்பினர்களாக இருந்தார்கள். மூன்று நிறுவனங்களின் புத்தகங்களிலும் அறவீடு குறைவில்லாமல் இருந்தது. திருப்பிச் செலுத்தும் வல்லமையை அளந்த எண், நெருக்குதலின் அளவைக் காட்டும் எண்ணாக மாறியிருந்ததை வெளியிலிருந்து பார்த்த எவராலும் அந்தப் புத்தகங்களைக் கொண்டு கண்டுபிடித்திருக்க முடியாது.

குட்ஹார்ட்டின் இன்னொரு பெரும் பங்களிப்பு, மத்திய வங்கிகள் ஏன் தோன்றின என்பது பற்றிய வரலாற்று ஆய்வு. வங்கிகள் தமக்குள் ஒன்றையொன்று காப்பாற்ற முடியாது; போட்டியாளன் விழுந்தால் மற்றவனுக்கு இலாபம். ஆகவே இலாப நோக்கும் போட்டியும் இல்லாத ஒரு நிறுவனம் அவற்றின் பின்னால் இறுதிக் கடன் ஈவோனாக, அதாவது வேறெவரும் கொடுக்காதபோது கடன் கொடுப்பவராக, நிற்க வேண்டிய தேவையிலிருந்தே மத்திய வங்கி இயல்பாக வளர்ந்தது என்பது அவருடைய வாதம். இதை விளக்க வன்னியிலுள்ளவர்களுக்கு லண்டன் உதாரணம் தேவையில்லை. 1994இல் தொடங்கி 2009 வரை இயங்கிய தமிழீழ வைப்பகம் இலங்கை ரூபாவில் சேமிப்பு ஏற்றது, நகை அடைவும் பிடித்தது. அதன் அரசியலை நான் இங்கே எடுக்கவில்லை; பொருளியல் ஆசிரியராக ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதற்குப் பின்னால் இறுதிக் கடன் ஈவோனும் இல்லை, வைப்புக் காப்புறுதியும் இல்லை. அது இல்லாமற்போனபோது, சேமிப்புப் புத்தகத்தையும் அடைவுச் சிட்டையையும் கையில் வைத்திருந்தவர்கள் போய்க் கேட்பதற்கு ஒரு கதவும் இருக்கவில்லை. இலங்கையில் கட்டாய வைப்புக் காப்புறுதி 2010 ஒக்ரோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று உரிமம்பெற்ற ஒரு நிறுவனம் முறிந்தால் அதிலுள்ள வைப்பாளர் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை கிடைக்கும். வங்கியில் காசு போடத் தயங்கும் எங்கள் முதியவர்களுக்கு இதை நான் சலிக்காமல் சொல்லிவருகிறேன்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் வைப்பாளருக்கானது. இங்கேதான் குட்ஹார்ட் 2008இல் எழுதிய எல்லைச் சிக்கல் பற்றிய கட்டுரை எனக்கு மிக முக்கியமாகிறது. ஒழுங்குபடுத்தல் நிறுவனங்களை உண்மையாகவே கட்டுப்படுத்தினால், அதன் எல்லைக்கு உள்ளே இருப்பவர்களின் இலாபம் குறையும், அப்போது தொழில் எல்லைக்கு வெளியே நகரும். நல்ல காலத்தில் வெளியே நகர்ந்த பணம் நெருக்கடியில் உள்ளே ஓடிவரும். எனவே ஒழுங்குபடுத்தல் எவ்வளவு திறமையாகச் செய்யப்படுகிறதோ அவ்வளவுக்கு இந்த நகர்வும் வலுக்கும். இது அவர் இளமையில் கண்ணால் கண்டது. 1973இன் இறுதியில் பிரித்தானியாவில் தள்ளாடி விழுந்த நிறுவனங்கள், இங்கிலாந்து வங்கியின் வழமையான மேற்பார்வைக்கு வெளியே வளர்ந்த விளிம்பு வங்கிகளே. அவற்றைத் தாங்க மத்திய வங்கி ஏனைய வங்கிகளைக் கூட்டி மீட்புப் பணி நடத்த நேர்ந்தது. வங்கிகளுக்கு உரிமம் வழங்கும் சட்டம் அதன் பிறகு, 1979இல்தான் அங்கே வந்தது.

நமது 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் எல்லையை எங்கே போட்டது என்று பாருங்கள். மக்களிடம் வைப்பு ஏற்று நுண்கடன் வழங்கும் கம்பனி உரிமம் பெறவேண்டும். வைப்பு ஏற்காமல் கடன் மட்டும் கொடுப்பவர் அந்த எல்லைக்கு வெளியே நின்றார். வைப்பாளரைக் காப்பது மத்திய வங்கியின் கடமை என்ற நூற்றாண்டுப் பழக்கத்திலிருந்து பார்த்தால் இதில் குறை காண முடியாது. ஆனால் வன்னியில் ஆபத்திலிருந்தவர்கள் வைப்பாளர்கள் அல்லர், கடன்பட்டவர்கள். 2018இல் நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்ற வட்டி உச்சவரம்பு வந்தபோதும், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரையான பெண்களின் கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தபோதும், இரண்டும் எல்லைக்கு உள்ளே நின்ற நிறுவனங்களையே தொட்டன. எல்லைக்கு வெளியே வாங்கிய கடன் அப்படியே கிடந்தது. எந்த நிறுவனம் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிந்தது என்பது கடன் வாங்கிய பெண்ணுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டாருக்கு நிவாரணம் கிடைத்தபோது தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று சங்கத்துக்கு வந்து கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்ல நான் பட்ட சங்கடம் இன்னும் மாறவில்லை.

அதே ஆண்டு மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுப் பெருவெள்ளம் வந்தது. காலபோகப் பயிர் மூழ்கியவர்கள் அவசரக் கடன் கேட்டபோது, சங்கத்தின் ஒதுக்கு நிதியில் கைவைக்கலாமா என்று நிருவாகக் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. குட்ஹார்ட் ஓரிடத்தில் சொல்லும் உவமை அப்போது பயன்பட்டது. நள்ளிரவில் புகையிரத நிலையத்தில் இறங்கிய பயணி, நின்றிருந்த ஒரேயொரு வாடகைக்காரை அழைக்கிறார். நிலையத்தில் எப்போதும் ஒரு கார் நிற்கவேண்டும் என்பது விதி, ஆகவே வரமாட்டேன் என்கிறார் சாரதி. பாவிக்கவே முடியாத ஒதுக்கு ஒதுக்கே அல்ல என்பதை, வங்கிகள் எப்போதும் கைவசம் வைத்திருக்கவேண்டிய பணம் பற்றிய திரவத்தன்மை விதிகளை வகுப்பவர்களுக்காக அவர் சொன்னார். எங்கள் சங்கம் ஒதுக்கின் ஒரு பகுதியை விடுவித்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

நாணயக் கொள்கையைப் பொறுத்தவரை, 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 700 அடிப்படைப் புள்ளிகள் (7 சதவீதப் புள்ளிகள்) உயர்த்தியதும், செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டதும் எல்லோரும் அறிந்தவை. 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் 5 சதவீதப் பணவீக்க இலக்குக்கு வழிசெய்தது. அரசுக்குப் பணம் அச்சிட்டுக் கொடுப்பதைத் தடுத்தது. இலக்குத் தொடர்ந்து இரு காலாண்டுகள் தவறினால் பாராளுமன்றத்துக்குக் காரணம் சொல்லவேண்டும் என்றது. 2025 பெப்ரவரியில் பணவீக்கம் -4.2 சதவீதமாக இருந்ததால், மேலே மட்டுமல்ல கீழே தவறினாலும் பதில் சொல்லவேண்டும் என்பதை மாணவர்கள் நேரடியாகவே பார்த்தார்கள். இந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். ஆனால் கொழும்பில் கொள்கை வீதம் இறங்கினாலும், எல்லைக்கு வெளியே கிழமைக் கட்டுப்பணத்தில் கடன் எடுப்பவரின் வட்டி அதோடு இறங்கியதை நான் காணவில்லை. நாணயக் கொள்கையை ஆராயும் நம் இளம் பொருளியலாளர்கள், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் உட்பட, இந்தத் துண்டிப்பை அளந்து எழுதவேண்டும் என்பது என் பெருவிருப்பம்.

வைப்பு ஏற்காத கடன் வழங்குநர்களையும் மேற்பார்வைக்குள் கொண்டுவரும் முயற்சி அண்மை ஆண்டுகளில் நடந்துவருகிறது. அது நிறைவேறவேண்டும். அதைவிட அவசரமானது, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட கடன் தகவல் பணியகத்தில் சிறு கடன்களும் பதிவாவது. ஒருவர் வேறு எங்கெல்லாம் கடன்பட்டிருக்கிறார் என்பதற்கு இன்று எங்கள் சங்கத்துக்குக் கிடைக்கும் சான்று அவருடைய வாய்ச்சொல் மட்டுமே. ஆனால் எல்லை விரிந்தால் தேவை எங்கே நகரும் என்று குட்ஹார்ட் கேட்கும் கேள்வியை நாமும் கேட்டாகவேண்டும். வட்டிக்குக் கொடுக்கும் தனியாள் எந்தப் பதிவேட்டிலும் வரமாட்டார். எனவே கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கிராமிய வங்கிகளுக்கும் முதலில் மூலதனம் போகவேண்டும், எல்லை பிறகு விரியவேண்டும். அந்த நாளையும் விதைப்புக்கும் பசளைக்கும் ஊர் முழுவதும் கடன் தேடும் ஐப்பசியில் வைக்காமல், காலபோக நெல் விற்றுக் கையில் காசு இருக்கும் மாசி பங்குனியில் வைக்கவேண்டும்.