பக்கத்து வீட்டு மாடி நாய்

ராத்திரி ஒன்றரை மணிக்கு முதலில் ஒரு குரைப்பு வரும், அடுத்து சங்கிலி சிமெண்ட் தரையில் இழுபடுகிற சத்தம், அப்புறம் இருபது நிமிடத்துக்கு நிற்காமல் குரைப்பு. 2025 மார்ச்சில் இருந்து ஜூன் வரைக்கும் எங்கள் வீட்டில் யாருமே பெரும்பாலான ராத்திரிகள் முழுதாகத் தூங்கவில்லை. மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அப்பாவுக்கு 76 வயது, ஒரு தடவை முழிப்பு வந்துவிட்டால் அப்புறம் விடியும் வரைக்கும் உட்கார்ந்தேதான் இருப்பார்.

நாங்கள் இருப்பது கோவைக்கு மேற்கே, மருதமலை போகிற வழியில். நாலு சென்ட், அஞ்சு சென்ட் சைட்டுகள், காம்பவுண்டை ஒட்டி அடுத்த காம்பவுண்டு. பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு நேர் எதிரே எங்கள் படுக்கையறை ஜன்னல். அங்கே இரண்டு நாய்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி காலில் கட்டிப்போட்ட ஒரு சிப்பிப்பாறைப் பெண் நாய், பேர் ராணி. கீழே மாடிப்படிக்கு அடியில் ஒரு இரும்புக் கூண்டில் சீசர், லேப்ரடார் கலப்பு. கூண்டுக்குள் அது திரும்பி நிற்கலாம், அவ்வளவுதான் இடம்.

ராணியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பொறுக்காது. தெற்கே கரிசல் காட்டில் முயல் பின்னால் ஓடுவதற்கென்றே வளர்த்து வந்த இனம் அது. வயிறு ஒட்டி, கால் நீண்டு, ஓடுவதற்காகவே செய்து வைத்த மாதிரி உடம்பு. அதை நாலடிச் சங்கிலியில், ஏப்ரல் வெயிலில், தகர நிழல் கூட இல்லாத மாடியில் கட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர்ச் சட்டி காலையில் நிரம்பி இருக்கும். பத்து மணிக்குள் சங்கிலி பட்டுக் கவிழ்ந்துவிடும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் கிடையாது.

அசிங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாய் அங்கேயே இருந்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே வெளிக்குப் போகும். வாரத்துக்கு ஒரு நாள் வேலைக்கு வருகிற அக்கா ஹோஸ் பைப் வைத்து அடித்துவிடுவார். அது மழைத்தண்ணீர்க் குழாய் வழியாக இறங்கி எங்கள் கேட்டுக்கு முன்னால் தேங்கும். மே மாதம் உண்ணி வந்தது. முதலில் ஜன்னல் ஓரத்தில் ஒன்று இரண்டு, அப்புறம் மகளின் தலையணையில். உண்ணி நாய் மேல் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து, சுவர் விரிசலில் போய் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும், குஞ்சுகள் சுவரில் ஏறிப் பக்கத்து வீடு வரைக்கும் வரும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது, விரிசல், மூலை, கூண்டின் அடித்தளம் எல்லாவற்றுக்கும் போட வேண்டும். கால்நடை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.

முதல் தடவை போய்ச் சொன்னபோது நான் கோபத்தில் இருந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். காலை ஆறரை மணி, தூங்காத கண், பக்கத்து வீட்டுக்காரர் கார் எடுத்துக்கொண்டிருந்தார். "அண்ணா, ராத்திரி பூரா நாய் சத்தம், பாப்பாவுக்குப் பரீட்சைங்க" என்றேன். "நாய்னா குரைக்கத்தானுங்க செய்யும், அதுக்கென்ன வாயைக் கட்டவா முடியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதோடு அந்த வீட்டுக்கார அக்கா என்னைப் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். எட்டு வருடம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பலகாரம் மாற்றிக்கொண்ட வீடு.

அப்புறம் சட்டம் தேடினேன். ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தவை, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு, இரவு என்றால் பத்து மணியில் இருந்து காலை ஆறு. ஆனால் அதில் ஒலிபெருக்கி, பட்டாசு, ஹாரன் என்றுதான் பேர் சொல்லி இருக்கிறது, நாய் இல்லை. போன் ஆப்பில் அளந்து காட்டினால் யாரும் ஏற்கவும் மாட்டார்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒருவர் வந்தார், இரண்டு நிமிடம் பேசினார், போனார். அன்றைக்கு ராத்திரியும் ஒன்றரை மணிக்கு அதே சத்தம். கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி நிபந்தனை உத்தரவு போட வழி இருக்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 133, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. அந்த மனுவையும் எழுதி வைத்தேன். கொடுக்கவில்லை.

எங்கள் வீதி வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு. வீதியில் நாயே வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் போடுவோம் என்றார் ஒருவர். அப்படிப் போட குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னொருவர் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு பிஸ்கட்டுல மருந்து வெச்சா முடிஞ்சுதுங்க" என்றார். சாதாரணமாகச் சொன்னார், கொசு மருந்து வாங்கச் சொல்கிற மாதிரி. எனக்குக் கை நடுங்கிவிட்டது. விஷம் வைத்து ஒரு விலங்கைக் கொன்றால் இப்போதைய சட்டத்தில் அஞ்சு வருடம் வரைக்கும் சிறை, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325. அதை அவரிடம் சொன்னேன். சட்டம் இல்லை என்றாலும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டேன். இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது தூக்கம் போன கோபத்தில் அந்த நினைப்பு வந்திருந்தால், தயவு செய்து விட்டுவிடுங்கள். அந்த நாய் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

அப்பாதான் முதலில் வேறு மாதிரி சொன்னார். அவர் உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர், எப்போதும் இரண்டு மூன்று நாய் இருந்த வீடு. ஒரு ராத்திரி நான் ஜன்னலைச் சாத்தப் போனபோது, "அது குரைக்கல கண்ணு, கூப்புடுது" என்றார். தோட்டத்து நாயைப் பகலில் கட்டுவார்களாம், பொழுது சாய்ந்தால் அவிழ்த்து விடுவார்களாம். ராத்திரி முழுக்க அது வரப்பு சுற்றும், ஆடு மாட்டைப் பார்க்கும், விடிந்ததும் வந்து படுக்கும். "அதுக்கு ஒரு வேலை இருந்துச்சு. இதுக்கு என்ன இருக்குது, சொல்லு."

காவல் நிலையத்தில் காட்டலாம் என்று நான் ஒரு நோட்டு போட்டிருந்தேன். தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம். அப்பா சொன்ன பிறகு அதை எடுத்து வேறு கண்ணோடு பார்த்தேன். 19 நாள் கணக்கு. அதில் நாலு நாள் சத்தமே இல்லை. நாலும் சனி, ஞாயிறு. யோசித்துப் பார்த்தால், அந்த நாட்களில்தான் அவர்கள் பையன் ஹாஸ்டலில் இருந்து வந்து மாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தான். மற்ற நாட்களில் மதியம் இரண்டு மணிக்கும் குரைத்திருந்தது, அது காலையில் தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்ததில் இருந்து வெயிலில் தாகத்தோடு இருக்கிற நேரம். ஒன்றரை மணிக் குரைப்பு என்பது கீழே சீசர் கூண்டைச் சுரண்டுவதற்கு மேலே ராணி கொடுக்கிற பதில். இத்தனையும் நானே என் கையால் எழுதியது. இரண்டு மாதமாக என் தூக்கம் போன கணக்காக மட்டுமே அதைப் பார்த்திருந்தேன்.

இரண்டாம் தடவை பக்கத்து வீட்டுக்காரரிடம் போகவில்லை, அவருடைய அம்மாவிடம் போனேன். மதியம், வீட்டில் அவர் மட்டும் இருக்கிற நேரம், கொஞ்சம் முருங்கைக்கீரை பறித்துக்கொண்டு போனேன். தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பெரியம்மா, ராணிக்குத் தண்ணி கவுந்து போகுதுங்க, நான் வேணா மாடியில வந்து ஊத்தட்டுங்களா" என்று மட்டும் கேட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பேரன் கேட்டான்னு வாங்குனாங்க அம்மிணி. அவன் காலேஜுக்குப் போயிட்டான். எனக்கு முட்டி வலி, படி ஏற முடியல. மகனுக்கு பவுண்டரி வேலையே கதி. அது கத்தறப்பெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்குது, யாருகிட்டச் சொல்றது."

அந்த வீட்டுக்குள்ளேயே எனக்கு முன்னால் இருந்து ஒருவர் தூங்காமல் இருந்திருக்கிறார்.

அடுத்த நாள் மாடிக்குப் போனேன். கனமான சிமெண்ட் தொட்டி ஒன்று, மாட்டுக்கு வைப்பதில் சின்னது, எங்கள் வீட்டுப் பின்னால் சும்மா கிடந்தது, அதைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். இனி கவிழாது. ராணி முதல் நாள் பல்லைக் காட்டி உறுமியது. கிட்டே போகாமல் தண்ணீரை ஊற்றிவிட்டு, பத்தடி தள்ளி உட்கார்ந்து வந்துவிட்டேன். நாலாம் நாள் வாலை ஆட்டியது. கிட்டே பார்த்தபோதுதான் தெரிந்தது, காதுக்குள் திராட்சைக் கொத்து மாதிரி உண்ணி, கழுத்தில் பட்டை அறுத்த புண்.

ஜூன் கடைசியில் அது சாப்பாட்டைத் தொடவில்லை. பெரியம்மா மகனிடம் என்ன சொன்னாரோ, அவரே காரில் ஏற்றினார், நானும் கூடப் போனேன். உண்ணிக் காய்ச்சல், இரத்தத் தட்டணுக்கள் ரொம்பவும் குறைந்திருந்தன. 28 நாள் மாத்திரை. மருத்துவர் அவரை உட்கார வைத்துச் சொன்னார். நாளெல்லாம் கட்டியே வைத்து நடத்திக்கூடப் போகாமல் இருப்பதே குற்றம், 1960-ம் வருடத்து விலங்குவதைத் தடைச் சட்டம் பிரிவு 11-ல் இருக்கிறது, போதுமான தண்ணீர், நிழல், சாப்பாடு கொடுக்காததும் அப்படித்தான் என்று. நான் வீட்டுக்கு வந்து அந்தப் பிரிவைப் படித்தேன். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய். பல பத்து வருடமாக அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. ஒரு உயிரை வெயிலில் கட்டி வைத்து வதைப்பதற்கு ஒரு டீ, வடை விலை. இதை மாற்றாத வரைக்கும் எந்தக் காவலரும் இதற்கென்று நேரம் ஒதுக்க மாட்டார்.

அவர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் மாடியில் தகர ஷெட் போட ஆள் வந்தது. ஜூலை 6-ம் தேதி அரசு கால்நடை மருந்தகத்தில் இலவச வெறிநாய்த் தடுப்பூசி முகாம் வருடா வருடம் நடக்கும், இரண்டு நாயையும் அவரே கூட்டிக்கொண்டு போனார். சீசருக்கு அதுதான் முதல் ஊசி. மூன்று வருடமாக ஊசி போடாத நாய், பெரியம்மா தினமும் கையால் சோறு வைக்கிற நாய். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கூண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது, பகலில் சீசர் அதற்குள்தான். மழைத்தண்ணீர்க் குழாயை வேறு பக்கம் திருப்பித் தருவதாகச் சொல்லி மாசம் பல ஆயிற்று, இன்னும் எங்கள் கேட்டு முன்னால்தான் கொட்டுகிறது, அதை விடுவதாக இல்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறேன். தீபாவளி ராத்திரி இரண்டும் நடுங்கி ஊளையிட்டன, யாரும் தூங்கவில்லை. அந்த அக்கா இப்போது சிரிக்கிறார், ஆனால் பலகாரம் வரவில்லை. எழுதி வைத்த மனு அலமாரியில் இருக்கிறது, கிழிக்கவில்லை.

காலையில் ஐந்தே முக்காலுக்கு நானும் ராணியும் நடக்கப் போகிறோம், வாரத்தில் நாலு நாள். வாழைத்தோப்புப் பக்கம் யாரும் இல்லாத மண் தடம் ஒன்று இருக்கிறது, அங்கே நீளக் கயிறு போட்டு விடுவேன். முதல் வாரம் நாலடி போய் நின்றுவிடும், அதற்கு மேல் போகலாம் என்பதே அதற்குத் தெரியவில்லை. கயிறு இன்னும் இருபதடி இருந்தது. நான் முன்னால் நடந்து போய்க் கூப்பிட வேண்டி இருந்தது. இப்போது அப்படி நிற்பதில்லை, என்னை இழுத்துக்கொண்டு போகிறது. திரும்பி வந்தால் ஷெட்டுக்குக் கீழே படுத்து மதியம் வரைக்கும் தூங்குகிறது. நோட்டில் கடைசியாக எழுதியது ஆகஸ்ட் 11, இரவு 1.40, மூன்று நிமிடம்.