தச்சரோடு வந்த அம்மை

வீடு மாற்றச் சாமான் கட்டும்போது என் பழைய தடுப்பூசி அட்டை கிடைத்தது. நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, தட்டம்மை என்ற வரியில் மட்டும் மை ஊறியிருந்தது. கட்டுவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1846-இல் கோபன்ஹேகனிலிருந்து ஒரு தச்சர் வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளுக்குப் போனார், கூடவே தட்டம்மையும். சுமார் 7,800 பேரில் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். ஆராயப் போன இளம் டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் (Panum) கவனித்ததுதான் எனக்குப் பிடித்த இடம். 1781-இல் அம்மை கண்டு பிழைத்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட இம்முறை வரவில்லை. நடுவில் 65 வருஷம்!

சின்ன ஊரில் தட்டம்மை நிலைக்காது. புதிதாகத் தொற்ற ஆள் தீர்ந்ததும் அணைந்துவிடும். தொடர்ந்து சுற்றிவரச் சில லட்சம் பேராவது வேண்டும். சின்ன ஊரில் அது அணைந்தபின் பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் வளர்வார்கள், அடுத்த கப்பல் வரும்வரை.

பழி என்னவோ வந்தேறிகள் மேல்தான் விழுகிறது. ஆனால் 1875-இல் ஃபிஜிக்கு அம்மை வந்தது சிட்னி போய்த் திரும்பிய ஃபிஜியர்களின் தலைவரே வந்த கப்பலில். பல்லாயிரம் பேர் செத்தார்கள்.

சரி, அட்டையைப் பெட்டியில் போடவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டேன்.