ஆடிக் காற்று

பணகுடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். அப்படியொரு காற்று! ஆச்சியின் தோட்டத்தில், முருங்கை வரிசை மேல் காற்றாலை இறக்கையின் நிழல் விழுந்து விழுந்து நகர்கிறது.

இந்தக் காற்று அடுத்த ஆடிக்கும் வரும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரி திரும்பி வராது. அது உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். கூடங்குளத்தின் யுரேனியமும் மண்ணிலிருந்து தோண்டுவதுதான். புகை இல்லை என்பதால் அது தீராத பொருளாகிவிடாது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஐப்பசியில் இறக்கைகள் ஓய்ந்துவிடும், உண்மைதான். பாபநாசத்தில் 1944 முதல் தாமிரபரணித் தண்ணீர் மின்சாரம் தருகிறது. வெயிலுக்கோ இங்கே பஞ்சமே இல்லை.

"இவ்வளவு காற்று வீணாகப் போகிறதே, சேர்த்து வைக்க முடியாதா?" என்று கேட்டாள் ஆச்சி.

முடியும் ஆச்சி, மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கலாம். அதைத்தான் நாம் உரக்கக் கேட்க வேண்டும்.