36 இஞ்சு மட்டை

ஜூன் 8, 2024, சனி

மகளை ஹாக்கி கிளப்பில் சேர்த்து ஒரு வாரம். பத்து வயது. கோவில்பட்டியில் இது அதிசயமில்லை. மே மாதம் லட்சுமி அம்மாள் கோப்பை ஹாக்கிப் போட்டி நடந்தால் நம்ம மளிகைக் கடையில்கூட ஸ்கோர்தான் பேச்சு. இந்த ஊர் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினதிலிருந்து இங்கே நிறைய அப்பாக்களுக்கு ஒரு நெனப்பு. எனக்கும்தான்.

மட்டை வாங்கினேன், 36 இஞ்சு. வளர்ற பிள்ளை, ரெண்டு வருசம் ஓடட்டும் என்று, யூனிபார்ம் தைக்கிற கணக்கில். கோச் சார் அதை அவள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். இடுப்பெலும்பைத் தாண்டி நின்றது.

"இதை வச்சு இவ குனியவே மாட்டா சார். நிமிர்ந்தே ஆடிப் பழகிருவா, பெறகு திருத்துறது கஷ்டம். 33 போதும்."

கடைக்காரர் மாற்றித்தர முடியாது என்றுவிட்டார். கைப்பிடி டேப் அழுக்காகிவிட்டதாம். அண்ணன் மகனுக்கு ஆகும், பார்க்கலாம்.

ஜூன் 9, ஞாயிறு

33 வாங்கியாச்சு. அவள் இடதுகைக்காரி என்பதால் இடதுகை மட்டை கேட்டேன், கடையில் சிரித்தார்கள். ஹாக்கியில் அப்படி ஒன்று கிடையாதாம். எல்லா மட்டைக்கும் தட்டை முகம் ஒரே பக்கம்தான். நான் கவலைப்பட, கோச் சார், "மேல பிடிக்கிறது இடது கை. மட்டையைத் திருப்புறதே அந்தக் கைதான். விடுங்க" என்றார்.

பந்தைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 160 கிராம். கல் மாதிரி இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே கட்டுகிற பேடும் பல்லுக்கு கார்டும் அன்றைக்கே வாங்கினேன். இதில் மட்டும் விலை பேசவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

முதல் பயிற்சி ஆட்டம். கோட்டோரம் நின்று, "அடிட்டீ! அடி!" என்று தொண்டை கட்டக் கத்தினேன். சார் பாஸ் போடச் சொல்லியிருக்கிறார். இவள் வந்த பந்தையெல்லாம் ஓங்கி அடித்தாள். ஒவ்வொரு தடவையும் அடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில் பந்து அவளைத் தாண்டிப் போய்விடும். அது என் கத்தலால் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எட்டயபுரம் ரோடு வரை பைக்கில் அத்தனை தப்பையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் 'ம்' கூடப் போடவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம், "அடுத்த வாரம் நீ கூட்டிட்டுப் போறியா?" என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

மனைவி போனாள். வந்ததும் ஸ்கோர் கேட்டேன்.

"தெரியலைங்க. நல்லா வேர்த்துச்சு, ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சா."

ஆனால் அடுத்த அரைமணி நேரம் அடுப்படியில் மகள் பேச்சு ஓயவில்லை. தோற்றது, யார் கீழே விழுந்தது, எதிரணி கோல்கீப்பரின் பேடு அவளைவிடப் பெரிசு என்பது வரை. நான் கூடத்தில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டேன். ஒரு பக்கமும் திருப்பவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

இன்று நான் போனேன். கோச் சார் என்னைப் பார்த்ததும் கையில் தண்ணீர்க் குழாயைக் கொடுத்தார். "புழுதி அடங்கணும் சார்." எங்கள் கிளப்புக்கு மண் தரைதான்; செயற்கைப் புல்லெல்லாம் பெரிய பிள்ளைகளுக்கு. திரும்பிப் பார்த்தால், போன மாதம் என்னோடு சேர்ந்து கத்திய இன்னொரு அப்பா சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் கையில் ஸ்கோர் நோட்டு. கோச் சார் கெட்டிக்கார மனுசன், கத்துகிற ஒருத்தர் கையையும் சும்மா விடவில்லை.

ஆட்டம் நடக்கையில் எனக்கு எலுமிச்சை பிழிகிற வேலை. உப்பும் சீனியும் போட்டு ஒரு குடம்.

திரும்பும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று தீர்மானம். ரயில்வே கேட் வரை கஷ்டப்பட்டுக் காப்பாற்றினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்பா, கடைசில ஒரு கோலைத் தடுத்தேனே, பாத்தீங்களா?"

"இல்லையே ஆத்தா. பழம் பிழிஞ்சிட்டிருந்தேன்."

"அப்பச் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் முடியவில்லை.